மரத்தூள்

கரு வளர்வதை எலிகளில் ஆராயும் கூடம் அது. தாயில்லாத குட்டி ஒன்றை வேறொரு தாயிடம் விடுமுன், அந்தத் தாயின் கூண்டில் கிடந்த மரத்தூளை எடுத்துக் குட்டியின் மேல் தேய்த்தாள் பூங்கோதை. "வாசனை ஒட்டிக்கிட்டா போதும், தன்னோடதுன்னு சேத்துக்கும்," என்றாள் கூட வேலை பார்க்கும் ஹமீதா. தாய் எலி முகர்ந்து பார்த்தது. பிறகு குட்டியை வயிற்றடிக்கு இழுத்துக்கொண்டது.

வீட்டில், கணவனின் மூத்த தாரத்து மகள் ஆதிரை அன்றும் அவள் ஊட்டிய சோற்றைத் துப்பினாள். "நீ ஒண்ணும் எங்கம்மா இல்ல, போ!"

குழந்தை விளையாடப் போனதும், பீரோவின் அடித்தட்டிலிருந்து இறந்தவளின் புடவையை எடுத்தாள் பூங்கோதை. கழுத்திலும் கைகளிலும் தேய்த்துக்கொண்டாள். மணிக்கட்டை முகர்ந்தாள். அந்துருண்டை வாடைதான் வந்தது. வாசலில் குழந்தையின் காலடி கேட்டது. இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.