சர்க்கார் கட்டிய கலுங்கு

"கல்லு இருக்கு, சரல் இருக்கு, வண்டி இருக்கு, ஆளும் இருக்கு. பொறவு என்னத்துக்கு அண்ணாச்சி சர்க்காருக்க காலைப் பிடிக்கணும்?"

பஞ்சாயத்துக் கூட்டத்தில் கோலப்பன் எழுந்து நின்று கேட்டான். ராஜாக்கமங்கலம் ரோட்டிலிருந்து ஊருக்குள் வர ஒரு வண்டிப்பாதை வேண்டும். போன மழையில் அவன் வண்டி சேற்றில் இறங்கி, காளைக்குக் கால் போய்விட்டது. அந்தக் கோபம். நியாயமான கோபம்தான்.

தலைவர் நாராயணபெருமாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "பாதி நாம போடுவோம் மக்கா. பாதி சர்க்கார் போடட்டும்."

"எப்பம் போடும்? மனு குடுத்து ரெண்டு மழை போயாச்சு! நாமளே போட்டா ஒரு மாசத்துல முடிஞ்சிரும்."

"முடியும். ஆனா வேண்டாம்."

ஏன் வேண்டாம்? அதைத்தான் மனுஷன் சொல்லமாட்டேன் என்கிறார். கேட்டால் சிரிப்பு வேறு!

ஊர் சும்மா இருக்குமா? "திருவனந்தபுரத்துல மகாராஜாகிட்ட பட்டம் வாங்கப் பாக்காரு" என்றது ஒரு வாய். "சம்பந்திக்குக் கான்ட்ராக்ட் வாங்கிக் குடுக்கப் போறாரு" என்றது இன்னொன்று. அவருக்குச் சம்பந்தியே கிடையாது. அதை யார் பார்த்தார்கள்!

ஒருவழியாகச் சர்க்கார் ஓவர்சியர் வந்தார். கோயில் நடையில் தொடங்கி, குளத்தங்கரை வழியாக எல்லாரும் நடந்தார்கள். சந்தைக்குக் கருப்பட்டிப் பெட்டி சுமந்து போன பூங்கனி, பக்கத்து வயலில் முழங்கால் சேற்றில் சுற்றிக்கொண்டு போனாள். அவள் ஆட்களுக்குக் கோயில் பக்கம் வழி கிடையாது. ஊர் வழக்கம். யாரும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஓவர்சியர் உதட்டைப் பிதுக்கினார். "பாதி தர வகையில்லை. வேணும்னா ஓடைக்கு மேல ஒரு சின்னக் கலுங்கு கட்டித் தரலாம்."

கோலப்பன் கைகொட்டிச் சிரித்தான். "கேட்டியளா! இந்தச் சின்னப் பாலத்துக்கா இவ்வளவு காத்திருப்பு?"

"அது போதும்," என்றார் நாராயணபெருமாள். முகமெல்லாம் பூரிப்பு. "ஆனா மொத்தப் பாதையையும் சர்க்கார் ஏத்துக்கிடணும்."

"பாதையையும் போட்டு, அதைத் தாரை வார்க்கவும் செய்யணுமாக்கும்!" ஊர் கொதித்துப் போனது. அடுத்த கூட்டத்தில் எல்லாக் கையும் உயர்ந்தது. நாராயணபெருமாள் போனார், கோலப்பன் தலைவரானான்.

"சரி மக்கா," என்றார் அவர். "பாதை மட்டும் ஓவர்சியருக்குச் சொன்னபடி நடக்கட்டும்."

நடந்தது. கலுங்கு இல்லாமல் வண்டி ஓடையைத் தாண்டாது என்பதால் கோலப்பன் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். ஊர் பாதை போட்டது. சர்க்கார் கலுங்கு கட்டியது.

திறப்பு நாள். மேளம், மாலை, ஓவர்சியர். மாவிலை கட்டிய வண்டியில் கோலப்பன் முதல் ஆளாக வந்து இறங்கினான்.

கலுங்குப் பக்கம் நின்ற நாராயணபெருமாள் வயலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ பூங்கனி, மேல கேறி வா மக்கா!"

தயங்கித் தயங்கி, சேற்றுக் காலோடு அவள் புதுச் சரல் பாதையில் ஏறினாள்.

மேளம் நின்றுவிட்டது. கோலப்பன் பாய்ந்து வந்தான். "ஏட்டி, எறங்கு! இது ஊருப் பாதை!"

"யாரு சொன்னது?" ஓவர்சியர் குறுக்கே வந்தார். "சர்க்கார் பாதை. இதுல எல்லாரும் நடக்கலாம். தடுத்தா கேஸாகும்."

பூங்கனி கோயில் நடையைத் தாண்டிப் போவதைக் கோலப்பன் பார்த்தான். பிறகு கலுங்கைப் பார்த்தான்.

"இதுக்கா அண்ணாச்சி?"

"ஊரு தனியாப் போட்டிருந்தா, தலைவருன்னு என்னையத்தான் தடுக்கச் சொல்லியிருப்பிய. ஒங்களை எதுத்துப் பேச எனக்குத் தைரியம் கிடையாது மக்கா. அதான் சர்க்காரைக் கூட்டுச் சேத்துக்கிட்டேன்."