தொண்டை கட்டாத டீச்சர்

“அடுத்த மாசத்துலருந்து நீங்க வர வேணாம் டீச்சர். எட்டாம் வகுப்பு சயின்ஸை இனிமே டிவியே பாத்துக்கும்” என்றார் பள்ளித் தாளாளர் தேவசகாயம், மேஜைக் கண்ணாடியைத் துடைத்தபடி. ஜெசிந்தாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

ஒன்பது வருஷ உழைப்பு ஒரே வாக்கியத்தில் முடிந்துபோனது.

“டிவி பாடம் நடத்தும் சார். புரியாத புள்ளைக்குத் திருப்பிச் சொல்லுமா?”

“எத்தினி வாட்டி வேணும்னாலும் போட்டுக் காட்டலாமே! லீவு கேக்காது, தொண்டை கட்டாது. புள்ளைங்க எப்படி அசையாம பாக்குதுங்க தெரியுமா? போய்த்தான் பாருங்களேன்.”

எட்டாம் வகுப்பு வாசலில் போய் நின்றாள். ஒருத்தரும் திரும்பவில்லை. முதல் பெஞ்சு மஞ்சு மட்டும், “உஷ்! பாடம் ஓடுது மிஸ்” என்றாள்.

திரையில் பாட்டிலையும் பலூனையும் வைத்து, நுரையீரல் விரிவதைக் காட்டிக்கொண்டிருந்தவள் ஜெசிந்தாவேதான்.

“செஞ்சி கேபிள் டிவில போட்டா சிங்கவரம் பக்கத்து ஏழைப் புள்ளைங்களுக்கு உதவும். கொஞ்சம் பேசிக் குடும்மா” என்று இதே தேவசகாயம் கெஞ்சியதால், போன மே மாத வெயிலில், விடுமுறையை விட்டுக்கொடுத்து அவள் கேமரா முன் பேசிக் கொடுத்த நாற்பது பாடங்களில் அது ஒன்று.

பாடம் முடிந்தது. திரையிலிருந்த ஜெசிந்தா சிரித்தாள்.

“புரிஞ்சுதா பசங்களா? சந்தேகம் இருந்தா, உங்க சயின்ஸ் டீச்சரைக் கேளுங்க.”

வகுப்பு மொத்தமும் வாசல் பக்கம் திரும்பியது. ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன.