அந்த வரி மூன்று தடவை

காருத் ஊர்ச் சந்தை முனையில் காபிக்கடை வைத்திருக்கும் கொமார், அப்பா விட்டுப்போன நாற்பது இசைத்தட்டுகளையும் மனைவியைக்கூடத் தொடவிடாமல் கழுவித் துடைத்து, புது உறைகளில் போட்டு நிமிர்த்தி அடுக்கினார். ஊரே விரும்பிக் கேட்கும் பாடகி சரிபாவின் பாட்டை முதலில் ஓடவிட்டார்.

கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

“என்ன தம்பி, பாட்டைக் கெடுத்து வெச்சிருக்கே? ‘மழையே போகாதே’ன்னு மூணு தடவை வரணுமே!”

“அது பாட்டு இல்லம்மா, அழுக்கு. அப்பா காலத்துல ஒரு சொட்டு டின் பால் விழுந்து காய்ஞ்சு, ஊசி அங்கேயே மாட்டிக்கும். முப்பது வருஷமா ஊரே தப்பாக் கேட்டுச்சு. இப்பத்தான் சரியா ஒரு தடவை வருது.”

“மூணு தடவைதான் சரி.”

கொமாருக்குக் கோபம் வந்துவிட்டது. பழைய உறையில் இருந்த பாடகியின் படத்தை நீட்டினார்.

“பாடினவங்க இவங்க. இவங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?”

அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படத்தில் இருப்பது போலவே தலையைச் சாய்த்துக் காட்டினார்.

“போன வருஷம் இந்த ஊர்க் கல்யாணத்துல அந்த வரியை ஒரு தடவைதான் பாடினேன். ‘சரிபா பாட்டை ஏன் கொலை பண்றே?’ன்னு மேடையை விட்டு இறக்கிட்டாங்க. கஷ்டப்பட்டு இப்பத்தான் மூணு தடவை பாடப் பழகியிருக்கேன். நாளைக்கு மறுபடியும் இங்கே கச்சேரி. நீ பாட்டுக்குக் கழுவி வெச்சிட்டே!”

கொமார் உள்ளே போய், டின் பாலும் கரண்டியுமாகத் திரும்பி வந்தார்.

“எந்த இடம்னு நீங்களே காட்டுங்கம்மா.”