வெள்ளிக்கிழமைக் கையொப்பம்

எரிபொருள் துண்டுச்சீட்டில் இருந்த இரண்டாவது கையொப்பம், இப்திகார் தம் கையால் இடுவதைவிட அழகாக இருந்தது.

விசாரணை அதிகாரி சுரேகா அதனை மேசையின் குறுக்கே அவர் பக்கம் தள்ளினார்.

"வடிவாப் பாருங்கோ. இது உங்கட கையெழுத்தோ?"

இப்திகார் பார்த்தார். பெயர் அவருடையதுதான். கடைசி எழுத்தின் வால் மட்டும் சற்றே நீண்டு, மேல்நோக்கி வளைந்திருந்தது. பதினொரு ஆண்டுகளாக, வெள்ளிக்கிழமைகளில் மட்டும், அந்த வால் அவ்வாறே வளைந்து வந்தது.

யன்னலுக்கு வெளியே கொட்டாஞ்சேனையின் தகரக் கூரைகளும், அவற்றுக்கு அப்பால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும் தெரிந்தன. தலைமை அலுவலகத்துக்கு அவர் வருவது இதுவே முதல் தடவை. மற்ற நாள்களில் அவர் பார்ப்பது விமானங்களின் வயிற்றை மட்டுமே.

ஒரு விமானத்துக்கு எரிபொருள் நிரப்புவோர் இருவர். விமானி கேட்பது கிலோவில். பவுசர் எனும் எரிபொருள் வண்டியின் மானி காட்டுவது லீட்டரில். ஆகவே ஒருவர் கணக்கிட்டு நிரப்ப வேண்டும். மற்றவர் அதே கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்த்து, இரண்டும் ஒத்துவந்தால் மட்டுமே துண்டில் கையொப்பமிட வேண்டும்.

அது நிறுவனத்தின் விதி.

இப்திகாருக்கும் அவரோடு சேர்ந்து நிரப்பும் செபஸ்தியனுக்கும் இடையே வேறொரு விதி இருந்தது. வெள்ளி நண்பகலில் இப்திகார் ஜும்ஆத் தொழுகைக்குப் போகும்போது, இரண்டு கையொப்பங்களையும் செபஸ்தியன் இடுவார். ஞாயிறு காலையில் செபஸ்தியன் பூசைக்குப் போகும்போது, இரண்டையும் இப்திகார் இடுவார்.

பதினொரு ஆண்டுகளாக ஒன்றும் நடக்கவில்லை.

மூன்று வாரங்களுக்கு முந்திய வெள்ளிக்கிழமை நடந்தது. கிலோவில் கேட்கப்பட்ட பதினோராயிரத்து எண்ணூறை, தனியே நின்ற செபஸ்தியன் மாற்றாமல் அப்படியே லீட்டரில் நிரப்பிவிட்டார். விமானத்தின் அளவுமானி பழுதாயிருந்தது. விமானி துண்டை நம்பிப் புறப்பட்டார். உள்ளே நூற்று அறுபத்திரண்டு பேர் இருந்தார்கள்.

போகுமிடத்தை எட்டுமுன்பே, வேறொரு நாட்டில் தரையிறங்கினார்கள். எவருக்கும் காயமில்லை. தாங்கிகளில் எஞ்சியிருந்தது சில நிமிடங்களுக்கு மட்டுமே போதுமானது என்று அறிக்கை கூறியது.

அதை வாசித்தபோதும் இப்திகாருக்கு ஒன்றும் தோன்றவில்லை. மார்ச் மாதம் அவருடைய மனைவி மஸாஹிரா களுபோவில ஆஸ்பத்திரியில் மௌத்தானதிலிருந்து, எதைத் தொட்டாலும் தடித்த கையுறையோடு தொடுவது போலவே இருந்தது.

செபஸ்தியன் அதைக் கண்டுகொண்டார். துக்கத்தில் இருப்பவருக்கு இறைவனோடு கதைக்கக் கூடுதல் நேரம் வேண்டும் என்று எண்ணி, வெள்ளிதோறும் அரை மணி நேரம் முன்னதாகவே அவரை அனுப்பத் தொடங்கினார்.

சற்று முன்னரும் நடைபாதையில் வைத்து அவருடைய சட்டைக் கையைப் பிடித்திழுத்தார்.

"உள்ள போய் உண்மைய மட்டும் சொல்லு, ஹாஜியார்." இப்திகார் மக்காவுக்குப் போனவரல்லர், அது செபஸ்தியன் சூட்டிய கேலிப் பெயர். "பள்ளியில இருந்தன் எண்டு சொன்னா உனக்கு ஒண்டுமில்ல. என்ட பிழை என்னோட போகட்டும். உனக்குப் பொய் சொல்லுற பாவமும் இல்லையே, மச்சான்."

இப்போது சுரேகா அதையே வேறு குரலில் சொன்னார்.

"நீங்க ஜும்ஆவில இருந்தனீங்க, உங்களுக்குத் தெரியாமத்தான் உங்கட பேரை வைச்சனான் எண்டு செபஸ்தியன் எழுதித் தந்திட்டார். தொழப் போறதுக்கு உங்களுக்கு அனுமதி இருக்கு. ஓம் எண்டு சொல்லுங்கோ, நான் எழுதுறன்."

"அவருக்கு?"

"கள்ளக் கையெழுத்து. வீட்ட போக வேண்டியதுதான்." அவர் பேனையின் மூடியைக் கழற்றினார். "உங்கட கையெழுத்து எண்டா, கணக்கைப் பாராமல் வைச்சது நீங்க. அப்ப போறது நீங்க."

அவருடைய பார்வை இப்திகாரின் சட்டைப் பையில் விழுந்தது. நான்காக மடித்த வெள்ளைத் தொப்பியின் விளிம்பு வெளியே தெரிந்தது. அதைக் கண்டதும் அவருடைய முகம் இளகியது.

"கையெழுத்து என்டதான், மிஸ்."

பேனை நின்றது.

"கூட்டாளிக்காகச் சொல்லுறீங்க," என்றார் சுரேகா மெதுவாக.

சுரேகா எழுதி முடிக்கும்வரை இப்திகார் காத்திருந்து, அவர் காட்டிய இடத்தில் கையொப்பமிடக் குனிந்தார். தொப்பி பையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

சுரேகா எழுந்து வந்து அதை எடுத்தார். புனிதமான ஒன்றைத் தருபவர் போல இரண்டு கைகளாலும் நீட்டினார்.

மடிப்பின் கோடுகள் பழுப்பேறியிருந்தன.

மஸாஹிரா மௌத்தானதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். ஆஸ்பத்திரிக்கு அருகிலிருந்த பள்ளிவாசலில், அவளுடைய சுகத்துக்காக இப்திகார் கையேந்தியிருந்த நேரத்தில். திரும்பி வந்தபோது கட்டிலின் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு மடித்த தொப்பியை அவர் பின்னர் விரிக்கவே இல்லை. வெள்ளிதோறும் செபஸ்தியன் அனுப்பிவைத்ததும், பவுசர் கொட்டகையின் பின்னாலிருந்த மர வாங்கில் போய் அமர்ந்துகொண்டார். ஜும்ஆ முடியும் நேரம் பார்த்து எழுந்து வந்தார்.

கணக்குப் பிழைத்த அந்த வெள்ளிக்கிழமையும் அங்கேதான் இருந்தார். விமானம் நாற்பது அடி தூரத்தில் நின்றது. கொட்டகைத் தகரத்தின் இடைவெளியூடே, செபஸ்தியன் தனியே மானியைப் பார்ப்பதும், துண்டை முழங்காலில் வைத்து எழுதுவதும் தெளிவாகத் தெரிந்தன.

முதலாவது கையொப்பத்தை அவர் ஒரே இழுப்பில் இட்டார். இரண்டாவதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.