துடைக்காமல் விட்ட சுவிட்ச்

மின்சாரம் நின்றுபோன மதியம். திருத்தங்கல் வீட்டுக் கூடத்தில் பழைய இன்வெர்ட்டரைத் திறந்துபோட்டுக்கொண்டு மெக்கானிக் அய்யப்பன் உட்கார்ந்திருக்கிறான். வேலுத்தாயின் மகள் பானுப்பிரியா நோட்டால் விசிறிக்கொண்டே அம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள். வேலுத்தாயின் கண் சுவிட்சின் மேல் இருக்கிறது.

"தண்ணி ஊத்தாம பேட்டரி செத்துப்போச்சுக்கா. அதையும் இந்தச் சுவிட்சையும் மாத்திட்டா இன்னும் அஞ்சு வருசம் ஓடும். என்ன சொல்றீக?"

மாதாமாதம் தண்ணீர் ஊற்றுவது அவள் புருஷன் காளீஸ்வரனின் வேலை. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலந்துவிட்டு வருவான். எத்தனை சோப்புப் போட்டாலும் அலுமினியப் பொடி விரல் ரேகையை விட்டுப் போகாது; தொட்ட இடமெல்லாம் வெள்ளி. அவள் ஏசிக்கொண்டே துடைப்பாள். கடைசியாக அவன் சுவிட்சில் பதித்த கட்டைவிரல் ரேகையை மட்டும், காலையில் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். மறுநாள் கம்பெனி வெடித்தது. ஏழு மாதமாக அந்தக் கறுப்புச் சுவிட்சில் துணி படவில்லை.

"பேட்டரிய மட்டும் மாத்துங்களேன். சுவிட்சு இருந்துட்டுப் போகட்டும்."

"அது உள்ள கருகிருச்சுக்கா..." என்று குனிந்த அய்யப்பன், ஜன்னல் வெயிலில் மினுங்கும் ரேகையைப் பார்க்கிறான். அந்த நிறம் என்னவென்று இந்த ஊரில் யாரும் கேட்க வேண்டியதில்லை. ஓரத்தில் மட்டும் நகத்தைக் கொடுத்துச் சுவிட்சைப் பெயர்த்தெடுக்கிறான்.

"இத நீங்களே வச்சுக்கிடுங்கக்கா."

நோட்டு விசிறல் நின்றுவிடுகிறது. உள்ளங்கையில் வாங்கிய வேலுத்தாய் விரல்களை மூடப்போகிறாள். வியர்வை பட்டால் அழிந்துவிடும். மூடாமல், கையை நீட்டியபடியே நிற்கிறாள்.