மழைப் பாட்டு வேண்டாம்

குளத்துத் தவளை, புளியமரத்து மரங்கொத்தி, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் மூன்றுமே இசையில் பெரிய புள்ளிகள். இதுவரை யாரும் கேட்காத இசையைச் செய்வோம் என்று மூன்றும் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தன.

“அண்ணே, உங்க மழைப் பாட்டை மட்டும் எடுக்காதீங்க,” என்றது டிரான்ஸ்ஃபார்மர். “அதைப் பாடினா மழை வந்துரும். நாலு சொட்டு விழுந்தாலே எனக்குக் கரண்ட்டை நிறுத்திடுவாங்க.”

“அதைப் பாடிப் பாடி எனக்கே சலிச்சுப்போச்சு தம்பி,” என்றது தவளை. மனசாரத்தான் சொன்னது.

முதல் கச்சேரிக்குக் கூட்டம் அலைமோதியது. டிரான்ஸ்ஃபார்மர் ரீங்கரிக்க, மரங்கொத்தி தாளம் கொத்த, தவளை புதிது புதிதாகக் குரல் கொடுத்தது. தன் தொண்டைக்குள் இதெல்லாம் இருந்ததா என்று அதற்கே வியப்பு. கூட்டமோ திருதிருவென்று விழித்தது.

“மழைப் பாட்டு!” என்று ஒரு சில்வண்டு கத்தியது. உடனே கூட்டமே கத்தியது.

தவளை டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் திரும்பவில்லை. பல்லவி மட்டும்தானே என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தது.

கைதட்டல் காதைப் பிளந்தது. தூறல் விழுந்தது. எங்கோ யாரோ சுவிட்சை இறக்கினார்கள், ரீங்காரம் நின்றது. மரங்கொத்தியும் கொத்துவதை நிறுத்தியது.

தவளை வாயை மூடிக்கொண்டது.

“ஒன்ஸ்மோர்!” என்றது கூட்டம்.