ஒன்றுகூடக் கிடைக்கவில்லை

கட்டிலில் போர்வைக்குள் காலை நீட்டியிருந்தவள், கணவனின் முகத்தைப் பார்த்ததும் பதறினாள்.

"என்னங்க ஆச்சு?"

"எங்க ஆபீஸை மூடறாங்க. இந்த மாசத்தோட வேலை கிடையாது."

"ஏனாம்?"

"வீடு வீடா, ஸ்கூல் ஸ்கூலா சல்லடை போட்டுத் தேடிட்டோம். ஒண்ணுகூடக் கிடைக்கலை."

"கண்ணாடியை மாத்துங்கன்னு சொன்னேனே, கேட்டீங்களா? மத்தவங்களுக்காவது கிடைச்சுதா?"

"யாருக்குமே கிடைக்கலை."

அவள் குரல் தாழ்ந்தது. "நம்ம பாப்பா ரத்தத்துல?"

"இல்ல. எந்தப் பிள்ளை ரத்தத்துலயும் யானைக்கால் புழு இல்ல. இந்த ஊரைவிட்டே ஒழிஞ்சுபோச்சு. எனக்குச் சிரிக்கிறதா அழறதான்னு தெரியலை."

அவள் போர்வையை விலக்கினாள். தூண் போல வீங்கிய இடது காலை இரண்டு கைகளாலும் தூக்கித் தரையில் வைத்து, சுவரைப் பிடித்து எழுந்தாள். வாசலில் பாப்பா கழற்றிப் போட்டிருந்த சின்னச் செருப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேலை போனா போகட்டும், வேற பார்த்துக்கலாம். ஏங்க, அப்ப நம்ம பாப்பாவுக்குக் கடைசி வரைக்கும் கடைச் செருப்பே சேரும், இல்ல?"